காய்ச்சல் வராத பிள்ளை

எனக்குப் பதினோரு வயது நடக்கும்போது என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. அது எழுபதுகளின் நடுப்பகுதி. தி.நகரில், மாம்பலம் ரயில் நிலையத்தின் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். பெரியப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தார். அப்பா அந்தக் கடையில் சேலைப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சிறியவனான தம்பி. அவ்வளவுதான் எங்கள் வீடு.

எட்டு வயதிலேயே காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருக்கும். மருந்து கொடுப்பார்கள், வற்றும், மறுபடி வீங்கும். பதினோராம் வயதில் வீக்கத்தோடு வாந்தியும் சேர்ந்தது. வாயில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல ஒரு ருசி. பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏற மூச்சு வரவில்லை. அப்படியே டாக்ஸியில் போட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த டாக்டர் மயிலாப்பூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார்.

"மறைச்சுப் பேசி ஒண்ணும் ஆகப்போறதில்லை. ரெண்டு கிட்னியும் போயிடுத்து. வயத்துக்குள்ள குழாய் போட்டு, மருந்துத் தண்ணி விட்டு எடுத்து, ரத்தத்துல இருக்கற அழுக்கை வெளியே கொண்டுவரலாம். வாரா வாரம் வரணும். குழந்தைக்கு இதை விடாம பண்றதுங்கறது எங்களுக்கே புதுசு. எத்தனை நாளைக்குத் தாங்கும்னு கேட்டேள்னா எனக்குத் தெரியாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்திருந்த பெரியப்பாதான் பேசினார். டாக்டர் நகர்ந்ததும் அப்பாவின் தோளில் கைவைத்து, "ஏ தம்பி, பச்சப் பிள்ளைய எதுக்குப் போட்டுக் குத்திக் கிழிக்கணும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அது ஆசப்பட்டதக் குடுத்து, இருக்கிற வரைக்கும் நிம்மதியா வச்சிருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

அம்மா அதுவரை பெரியப்பா முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அவ ஆசப்பட்டது என்னன்னு அவகிட்ட யாரும் கேட்டீங்களா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒனக்கு என்ன வேணும்?"

"தண்ணி" என்றேன். வீக்கத்துக்காகத் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுங்கா. சாகணும்னு கேக்கல" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று மாலையே குழாய் போட்டார்கள்.

வயிற்றில் மரத்துப்போக ஓர் ஊசி. தொப்புளுக்குக் கீழே ஒரு கீறல். அதற்குள் கெட்டியான ஒரு குழாயை வைத்துத் தள்ளுவார்கள். அந்தத் தள்ளலைப் பற்றி இப்போதும் நான் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பொறுமையின் வேலை. கண்ணாடி பாட்டில்களில் இருக்கும் தண்ணீரை வாளி வெந்நீரில் நிற்க வைத்துச் சூடாக்கி, கம்பியில் தலைகீழாக மாட்டுவார்கள். அது வயிற்றுக்குள் இறங்கும். வயிறு பானைபோல் ஆகும். கொஞ்ச நேரம் உள்ளே ஊறவிட்டு, பிறகு குழாயைக் கீழே தரையிலிருக்கும் காலி பாட்டிலுக்குத் திருப்பிவிடுவார்கள். லேசான மஞ்சளாக வெளியே வரும். உடனே அடுத்த பாட்டில். ஒன்றரை நாள் இப்படி ஓடும். குழாயைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த வாரம் மறுபடி புதிதாக ஒரு கீறல். என் வயிற்றில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ, டாக்டர் ஒரு பழைய செய்தித்தாளை என் கட்டிலில் போட்டார்.

"படிக்கத் தெரியுமோ?"

"தெரியும்."

"வெளியே வர பாட்டிலைத் தூக்கி இது மேல வெச்சுப் பாரு. தண்ணி வழியா எழுத்து தெரியறதா? தெளிவாத் தெரிஞ்சா சரி. மங்கலாத் தெரிஞ்சா, உள்ள கிருமி போயிடுத்துன்னு அர்த்தம். உடனே சொல்லணும். யாரு டூட்டியில இருந்தாலும் சொல்லணும். உன் வயத்துக்கு நீதான் காவல்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் அம்மா தூக்கிப் பிடிப்பாள், நான் படிப்பேன். சினிமா விளம்பரம், மரண அறிவிப்பு, சேலை தள்ளுபடி, எது கிடைத்தாலும். தமிழில் வேகமாகப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்த வார்டில்தான்.

கிருமிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. அது புரிந்தது என் கையால்.

குடும்பத்தில் எல்லோருக்கும் காசநோய் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்தார்கள். முழங்கைக்குக் கீழே தோலுக்கு அடியில் துளி மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தம்பிக்கு நாலணா அளவுக்குத் தடித்துவிட்டது. சொறிந்து சொறிந்து அழுதான். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியால் அப்படித்தான் தடிக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அதே தடுப்பூசி எனக்கும் போட்டதுதான். என் கையில் ஒன்றுமே இல்லை. ஊசி போட்ட இடமே தெரியவில்லை.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க டாக்டர், இவளுக்கு ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

டாக்டர் என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். "அது நல்லதில்லைம்மா" என்றார். "தடிச்சிருக்கணும். வெளியிலேர்ந்து ஒண்ணு உள்ள வந்தா எதிர்த்துண்டு எழுந்திருக்கணும். அதான் உயிரோட குணம். இவ ரத்தத்துல அழுக்கு தேங்கித் தேங்கி, எதிர்க்கற அணுக்கள்லாம் மந்தமாயிடுத்து. இல்லாம இல்லை, இருக்கு. ஆனா கூப்பிட்டா வர மாட்டேங்கறது. போதாததுக்கு, வயத்துலேர்ந்து நாம எடுக்கற தண்ணியில அழுக்கு மட்டும் போகலை. உடம்போட சத்தும் போறது, நோயை எதிர்க்கற பொருளும் போறது."

அம்மா என் கையைத் தன் பக்கம் இழுத்துத் தானும் தடவிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு சொல்றேன், நன்னா ஞாபகம் வெச்சுக்கோங்கோ. மத்த குழந்தைகளுக்கு உள்ள கிருமி போனா காய்ச்சல் அடிக்கும். இவளுக்கு அடிக்காம போகலாம். தெர்மாமீட்டரை நம்பாதீங்கோ."

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. யாராவது அடித்தால் திருப்பி அடிக்கிற பெண் நான். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். என் உடம்பு மட்டும் யார் வந்தாலும் வா என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருக்கிறதாம்.

அம்மா அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். எங்கள் இரண்டு அறைகளில் ஒன்றை எனக்கென்று ஒதுக்கி, தினமும் பினாயில் போட்டுக் கழுவினாள். துணிகளை வெந்நீரில் போட்டு அலசினாள். செருப்போடு யாரும் மாடி ஏறக்கூடாது. மூக்கை உறிஞ்சுகிறவர்கள் வாசல்படி தாண்டக்கூடாது. உறவுக்காரர்கள் பார்க்க வந்தால் கையைக் கழுவச் சொல்லிச் செம்பை நீட்டுவாள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவள் கவலைப்படவில்லை.

முட்டை விஷயம் அதைவிடப் பெரிது. போகிற சத்தை ஈடுகட்ட முட்டையின் வெள்ளைக் கரு கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைவக் குடும்பம். வீட்டுக்குள் வெங்காயத்தைக்கூட வெள்ளிக்கிழமை நறுக்க மாட்டாள் அம்மா. கீழ்ப் போர்ஷனில் ஒரு தையற்காரக் குடும்பம் இருந்தது. வீட்டில் உருது பேசுகிறவர்கள். அந்த வீட்டம்மாதான் முதலில் கைகொடுத்தார்.

"இன்னாக்கா இதுக்குப் போயி யோசிச்சிக்கினு கீறே? நான் அவிச்சு, தோலை உரிச்சு, மஞ்சளை எடுத்துட்டு அனுப்பறேன். கொயந்தைக்கு மருந்துதான இது?"

கொஞ்ச நாள் கீழேயிருந்து வந்தது. ஒருநாள் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் சளி. நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா கீழே போய்ப் பச்சை முட்டைகளாக வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் அடுப்பிலேயே, சாமி படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவித்தாள். முதல் முட்டையை உரிக்கத் தெரியாமல் பாதியைப் பிய்த்துவிட்டாள். அன்று சாயந்திரம் பெரியப்பா வந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"வீட்டுக்குள்ள முட்ட வாட வருதே."

"ஆமா. தினமும் வரும்" என்றாள் அம்மா. காபி வைக்க உள்ளே போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அம்மாவும் நானும் எதிரெதிராக நின்றோம். எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அம்மா விட மாட்டேன் என்றாள்.

"அத்தன பிள்ளைக இருமுதுக, தும்முதுக. நீ போயி நடுவுல உக்காரப் போறியா?"

"ஆமா."

"ஏட்டி, செத்துப் போவே."

"இங்கனயே இருந்தா மட்டும்?"

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கி, எங்கே அடிப்பது என்று தெரியாமல் கையைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே கேட்டேன். பள்ளிக்கூடம் போகலாமா கூடாதா?

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபத்து இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரூமுக்குள்ள பூட்டி வெச்சுக் காப்பாத்தறதுக்கா இவ்வளவு குத்தறோம்? போகட்டும். வகுப்புல யாருக்காவது அம்மை கிம்மைன்னு கேள்விப்பட்டா அன்னிக்கே நிறுத்திடுங்கோ. உடனே இங்க வரணும், ஒரு ஊசி இருக்கு, அதைப் போடலாம்."

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேறு ஒரு தடை வைத்திருந்தார். மற்ற பிள்ளைகளின் வீட்டில் பயப்படுகிறார்களாம். பெரிய வியாதிக்காரப் பெண், ஒட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "டீச்சர், என்கிட்டேருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. அவங்ககிட்டேருந்துதான் எனக்கு ஒட்டும். நானே பயப்படல. அவங்க எதுக்குப் பயப்படணும்?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது முகம் மஞ்சள் பூத்து, கால் குச்சிபோல் இருக்கும். என்ன நினைத்தாரோ, "ஜன்னல் பக்கத்து பெஞ்சு. காற்று வரும் இடமாக உட்கார வை" என்று வகுப்பாசிரியைக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் போனேன். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் இரண்டு. அந்த ஜன்னல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரச் சளி பிடிக்காத பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று ஆசிரியை சட்டம் போட்டார். அதனால் அந்த இடத்துக்குப் பெரிய மவுசு வந்துவிட்டது. மூக்கு ஒழுகுவதை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, தும்மல் வந்து மாட்டிக்கொண்டு, பின்பெஞ்சுக்கு விரட்டப்பட்டவர்கள் உண்டு. நான் அவர்களை நோக்கி விரலை நீட்டி, "போ" என்பேன். ராணிபோல இருந்தது.

ஒருமுறை வகுப்பில் ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது என்று கேட்டதும் டாக்டர் சொன்னபடி ஓடினோம். இடுப்பில் ஓர் ஊசி. வேறொருவரின் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்கிப் போடுவதுபோல என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு வரவில்லை.

வார்டில் என் அடுத்த கட்டிலுக்கு ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. நான் பாட்டில் வழியாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், மரண அறிவிப்பு வந்தால் மட்டும் வேண்டாம் என்பாள். அவளுக்கும் அதே மாதங்களில் மணல்வாரி அம்மை வந்தது. வந்ததே யாருக்கும் தெரியவில்லை. உடம்பில் பொரிந்து வர வேண்டியது சரியாகப் பொரியவில்லை. காது ஓரம் நாலு புள்ளி, அவ்வளவுதான். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிட்டிருக்கிறார்கள். நெஞ்சில் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே கேட்டேன். அம்மா, "வீட்டுக்குப் போய்ட்டா" என்றாள். "எந்த வீட்டுக்கு?" என்றேன். அம்மா பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அன்றைக்கு எல்லாப் பாட்டிலையும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் படித்தேன். மரண அறிவிப்பு வந்தபோது அதைத் தாண்டிப் போனேன்.

எனக்கு ஆபத்து வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. ஒரு மத்தியானம். அம்மா பாட்டிலைப் பிடித்தாள். தள்ளுபடி விளம்பரத்தின் பெரிய எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்து தெரியவில்லை. பாட்டிலை ஜன்னல் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு பாலை விட்டதுபோல இருந்தது. வயிற்றில் லேசான வலி. அது எப்போதும் இருப்பதுதான்.

மயிலாப்பூர் டாக்டர் அன்று ஊரில் இல்லை. டூட்டியில் ஓர் இளம் டாக்டர், வார்டுக்குப் புதியவர். வந்து பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். தெர்மாமீட்டர் வைத்தார்.

"தொண்ணூத்தேழுதான் இருக்கு. காய்ச்சல் இல்ல. பாட்டில் கழுவினது சரியில்லாம இருக்கலாம். இந்த ரவுண்டு முடிஞ்சதும் குழாயை எடுத்துடலாம், வீட்டுக்குப் போகலாம்."

"நான் போக மாட்டேன்" என்றேன்.

"என்ன பாப்பா?"

"எனக்குக் காய்ச்சல் வராது. உள்ள கிருமி இருந்தாலும் வராது. தெர்மாமீட்டரை நம்பாதேன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார். எழுத்து தெரியல. எழுத்து தெரியலேன்னா சொல்லணும்னு சொன்னார். சொல்லிட்டேன். குழாயை எடுக்க விட மாட்டேன்." சொல்லிவிட்டு வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்களை நகர்த்த வேண்டுமென்றால் கட்டிலோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

அந்த இளம் டாக்டருக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. பாட்டிலை வாங்கினார். செய்தித்தாளையும் வாங்கினார். தானே வைத்துப் பார்த்தார். பிறகு ஓர் ஊசிக்குழலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஆயாவிடம் கொடுக்காமல் தானே சோதனைக்கூடத்துக்கு நடந்தார். திரும்பி வரும்போது வேகமாக வந்தார். "நீ சொன்னதுதான் சரி. சீழ் அணு நிறைய இருக்கு" என்றார். அடுத்த பாட்டிலிலேயே மருந்தைக் கலந்து வயிற்றுக்குள் விட்டார். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வலி வந்தது. வயிற்றைத் தொட முடியாது, போர்வைகூட மேலே படக்கூடாது. அதற்குள் மருந்து உள்ளே போயிருந்தது. வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தேன். அந்த நாட்கள் முழுவதும் தெர்மாமீட்டர் ஒரு தடவையும் நூறைத் தொடவில்லை. ஊருக்குப் போயிருந்த டாக்டர் திரும்பி வந்து எல்லாம் கேட்டுவிட்டு, என் தலையில் லேசாகக் குட்டினார். "காவல் நன்னாத்தான் இருக்கு" என்றார். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று. ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தை மாற்றி வைக்கிறார்கள் என்று. பெற்றவர்கள் கொடுத்தால் பொருந்துகிறதா என்று பார்க்கலாம் என்று.

அப்பாவின் ரத்த வகை பொருந்தவில்லை. அம்மாவுடையது பொருந்தியது. இந்தத் தடவை பெரியப்பா மட்டும் இல்லை, ஊரிலிருந்து தாத்தா, மாமா, எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல உடம்பைக் கீறி எடுப்பதா? நாளைக்கு இரண்டு பேரும் போய்விட்டால் ஆண்பிள்ளையை யார் பார்ப்பது? அப்பா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குத்தான் அவர் பேசி நான் கேட்டேன். "அவ குடுக்கேங்கா. எனக்குக் குடுக்க வழியில்லையேன்னுதான் எனக்கு வருத்தம். நீங்கள்லாம் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் சிறுநீர். ஒரு நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினார். குடிக்க எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு சொம்பு முழுவதும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

அங்கே இருந்த டாக்டர் மருந்துகளைப் பற்றி விளக்கினார். இனிமேல் தினமும், உயிரோடு இருக்கும்வரை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைகளைச் சாப்பிட வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு நாளா எனக்கு அது இல்ல இல்லன்னு சொன்னாங்க. இப்ப இருக்கிறதையும் குறைக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா. அம்மா கொடுத்ததை உன் உடம்பு யாரோ அந்நியன்னு நினைச்சு விரட்டப் பார்க்கும். அதைத் தூங்க வைக்கணும்."

"என் உடம்புக்கு விரட்டத் தெரியாது டாக்டர்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாவது வாரத்தில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. நூற்று இரண்டு. பல வருஷங்களில் முதல் காய்ச்சல். பல் கிடுகிடுத்தது, கன்னம் தகித்தது. அடிவயிற்றில் புதிய சிறுநீரகம் இருந்த இடம் கல்லாக வீங்கியது. சொட்டிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ரத்தத்தில் அழுக்கு குறையக் குறைய, மந்தமாகிக் கிடந்த அணுக்கள் தலை தூக்கியிருக்கின்றன. தலை தூக்கியதும் முதல் வேலையாக அம்மாவின்மேல் பாய்ந்துவிட்டன. அத்தனை வருஷம் எந்தக் கிருமியையும் எதிர்க்காத உடம்பு.

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை, அந்தக் காய்ச்சலில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நடுங்கிக்கொண்டே, எனக்கும் காய்ச்சல் வருகிறது என்று நினைத்தேன்.

அம்மா விலாவில் தையலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறை வாசல்வரை வந்தாள். உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, என் வயிற்றைப் பார்த்துப் பேசினாள். என்னிடம் இல்லை, வயிற்றிடம்.

"என்னட்டி, என்னையே வேண்டாங்குதியா? ஒன்னைய பத்து மாசம் நான் வச்சிருக்கல? ஒரு நாள் வேண்டாம்னு சொல்லியிருப்பேனா? பேசாம இரு."

நர்ஸ் அவளை அழைத்துக்கொண்டு போனார். எனக்கு நரம்பு வழியாக மருந்தை அளவு கூட்டி ஏற்றினார்கள். ஒவ்வொரு நாளும் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வற்றியது, ஒரு காலை பையில் மறுபடி சொட்டு விழ ஆரம்பித்தது. அம்மா, தன் பேச்சுக்குத்தான் அது கட்டுப்பட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் மறுத்தாலும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவளுடைய சிறுநீரகம் எனக்கு இருபது வருஷங்களுக்கு மேல் உழைத்தது. அது ஓய்ந்த பிறகு தம்பி தன்னுடையதைக் கொடுத்தான். அம்மா ஒற்றைச் சிறுநீரகத்தோடு எண்பதைத் தாண்டி வாழ்ந்தாள். அன்றைக்கு வந்து உட்கார்ந்து எங்களைப் பயமுறுத்தியவர்கள் பலர் அவளுக்கு முன்னால் போய்விட்டார்கள்.

ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மாத்திரையால் என் முகம் பூசணிக்காய்போல் உப்பியிருந்தது. மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா வழி உறவில் கல்யாணம். கூட்டத்துக்குப் போகக்கூடாத நாட்கள் முடிந்து, போகலாம் என்று டாக்டர் சொன்ன முதல் விசேஷம் அது. அம்மா எனக்கு அரக்கு நிறத்தில் பட்டுப் பாவாடை தைத்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி வேறு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண் வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருத்தி எங்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கூட்டத்துக்குள்ள இவள எதுக்குக் கூட்டிட்டு வந்தே? மூஞ்சி இப்படிக் கெடக்கு. நாளைக்கு யாரு வந்து கட்டுவா? ஒனக்கும் உள்ள ஒண்ணுதானாமே. ரெண்டு பேரும் வீட்டோட இருக்கிறதுதானே?"

நான் வாய்த் துணியைக் கீழே இறக்கினேன், பதில் சொல்வதற்காக. அம்மா என் கையை அமுக்கினாள்.

"ஆமா மதினி. ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். ரெண்டும் நல்லா ஓடுது" என்றாள். "ரெண்டு பேருக்கும் பசிக்கு. பந்தி எப்ப போடுதாங்க?"

அந்த அம்மாள் சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். நாங்கள் எழுந்து போனோம். முதல் பந்தியிலேயே, மின்விசிறிக்கு நேராக, இடம் பிடித்து உட்கார்ந்தோம். இலையை அம்மா தண்ணீர் தெளித்து இரண்டு முறை துடைத்தாள். பரிமாறுகிறவர் அப்பளத்தோடு வந்தபோது நான் இரண்டு கேட்டேன். அவர் மூன்று போட்டார்.